பெட்டியில் உறங்குவதா, பாதையில் ஓடுவதா?

பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1923-ம் வருஷம் மே மாதத்தில் அங்கே விசித்திரமான ஒரு மோட்டார் பந்தயம் ஆரம்பமாயிற்று. குறித்த தூரத்தை முதலில் கடப்பவர் யார் என்று பார்க்கும் பந்தயமல்ல அது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதிக தூரம் ஓடிய வண்டி எது என்று பார்க்கும் பந்தயம். வேகமாகப் போகத் தெரிந்தால் மட்டும் அங்கே போதாது. இரவெல்லாம் ஓடிப் பொழுது விடிந்த பிறகும் போய்க்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். இதற்காகவே பல தொழிற்சாலைகள், கடைத்தெருவில் விற்கும் உத்தேசமின்றி, தனி வகை வண்டிகளைச் செய்தன. 'புரோட்டோடைப்' என்று அவற்றை அழைக்கிறார்கள்.

அந்தப் பழைய வண்டிகளில் தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் பொருட்காட்சிச் சாலைகளிலும் செல்வந்தர்களின் கொட்டகைகளிலும் ஓய்வெடுத்துக் கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில், மின்சார பலத்தால், மேஜைமேல் இன்றும் அவை பந்தயம் ஓடுகின்றன. இவைதாம் 'ஸ்லாட் கார்' என்னும் சின்னஞ்சிறு மாதிரிகள்.

இவை ஓடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையிலே தச்சர்கள் காடி எடுப்பார்கள் அல்லவா? அதைப் போலப் பாதையின் நெடுகிலும் ஒரு காடி இருக்கும். அதன் இரு பக்கத்திலும் இரண்டு உலோகப் பட்டைகளில் மின்சாரம் ஓடுகிறது. காரின் முன்புறத்து அடியில் உள்ள சிறிய தகடு காடிக்குள் இறங்கி வழிகாட்டுகிறது. தகட்டின் இரு பக்கத்திலும் உள்ள பின்னல் செப்புக் கம்பிகள் பட்டைகளை உரசி மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டு போகின்றன. ஆட்டக்காரரின் கையில் ஒரு விசை. விரலால் அழுத்த அழுத்த வேகம் கூடும். விரலை விட்டாலோ மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றாக இணைந்து, அது டைனமோவைப் போல் மாறித் தன்னைத்தானே தடுத்து நிறுத்திக் கொள்ளும்.

இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியவர் பிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர். 1952-ல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில்லின் விசையால் ஓடும் தகரக் கார்களை அவர் விற்கத் தொடங்கினார். பிறகு அவற்றில் மின்சார மோட்டாரை வைத்து, 1957-ல் ஹாரொகேட் நகரத்துப் பொம்மைச் சந்தையில் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று காட்டினார். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் இதற்கென்றே கூடங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மறைந்தும் போயின. மோகம் தணிந்தாலும் அபிமானிகள் எஞ்சினார்கள். இப்போது இத்தாலியின் ஸ்லாட்.இட், என்.எஸ்.ஆர். போன்ற கம்பெனிகள் செய்யும் பழைய லெ மான் வண்டிகளின் மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

வளர்ந்த மனிதர்கள் பொம்மைக் காரைச் சேர்ப்பதில் என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

1969-ல் ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி '917' என்ற வண்டியை வெளியிட்டது. வேகத்திலே அதற்கு நிகரில்லை. ஆனால் வேகம் ஏற ஏற வண்டியின் பின்புறம் நிலைகொள்ளாமல் ஆடியது. தேர்ந்த ஓட்டுநர்களே அதில் ஏற அஞ்சினார்கள். அவ்வருஷம் லெ மானில் முதல் சுற்றிலேயே ஜான் வுல்ப் என்பவர் அந்த வண்டியில் உயிரிழந்தார். சில மாதம் கழித்து ஆஸ்திரியாவில் பரீட்சை ஓட்டம் நடந்தது. ஜான் ஹார்ஸ்மன் என்ற எஞ்சினீயர் ஒரு சிறு விஷயத்தைக் கவனித்தார். வண்டியின் உடலெங்கும் கொசுப் போன்ற பூச்சிகள் மோதிச் செத்து ஒட்டியிருந்தன. பின்புறத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அங்கே காற்று படவேயில்லை என்றல்லவா அர்த்தம்? உடனே தகடுகளை ஒட்டுப்போட்டுப் பின்புறத்தைக் குட்டையாக்கி மேல்நோக்கி உயர்த்தினார்கள். வண்டி அடங்கிற்று. 1970-லும் 1971-லும் லெ மானில் வென்றது அதுவே. 1971-ல் அது ஓடிய தூரம் 5335 கிலோமீட்டர். அந்தச் சாதனையை 2010 வரையில் எந்த வண்டியும் முறியடிக்கவில்லை.

1969-ன் மாதிரியையும் 1970-ன் மாதிரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏற்றி நிமிர்த்திய அந்த வாலிலே இத்தனை கதையும் அடங்கியிருக்கிறது. பத்துப் பக்கம் படித்து அறிய வேண்டியதைக் கண் ஒரு நொடியில் அறிந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேகரிப்பவர்கள் வெற்றி பெற்ற வண்டிகளையே நாடுகிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. வெளிர் நீலமும் ஆரஞ்சும் பூண்ட கல்ப் கம்பெனியின் 917 பலருக்கு உயிர். அந்த நிறத்தில் 917 லெ மானில் ஒரு தடவைகூட வென்றதில்லை. 1971-ல் ஒரு 917-க்கு உடல் முழுவதும் இளஞ்சிவப்பு நிறம் தீட்டி, கசாப்புக் கடைக்காரர் பன்றியைப் பங்கு போடுவதுபோல் கோடு கிழித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதி ஓட்டினார்கள். அது பாதி வழியில் விபத்துக்குள்ளாகி நின்றுபோயிற்று. ஆயினும் அதன் மாதிரிக்கு இருக்கும் கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. பந்தயத்தில் தோற்றவர்களையும் ஞாபகம் வைத்திருக்கும் பண்பு இந்தப் பொழுதுபோக்குக்கு உண்டு.

இனி ஓட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான மாதிரிகள் அசலில் 32-ல் ஒரு பங்கு. இங்கே கணக்கு நம்மைப் பரிகாசம் செய்கிறது. லெ மான் பாதை இன்று 13.6 கிலோமீட்டர், அதை அதே அளவில் சுருக்கினாலும் சுமார் 425 மீட்டர் வேண்டும். எந்த வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம்? 917-ன் எடை ஏறக்குறைய 800 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் மாதிரியின் எடை 24 கிராமாக இருக்க வேண்டும். உண்மையில் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் மாதிரியின் வேகத்தை அசலுக்குப் பெருக்கினால் மணிக்கு 576 கிலோமீட்டர் வரும். லெ மானின் நீண்ட நேர்பாதையில் 1988-ல் ஒரு வண்டி தொட்ட வேகமே 405 கிலோமீட்டர்தான்!

ஆகவே வளைவிலே இந்தக் கார்கள் எளிதில் காடியை விட்டுத் துள்ளிவிடுகின்றன. இதைத் தடுக்கக் காரின் அடியில் ஒரு காந்தம் வைப்பதுண்டு. அது பாதையின் இரும்புப் பட்டையைப் பிடித்துக் கொள்ளும். குழந்தைகளுக்கு அது நல்ல உதவி. தேர்ந்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிறகு டயரை உப்புத்தாளில் உருட்டிச் சமமாக்குவதும், அச்சுக்கு எண்ணெய் இடுவதும், பல்சக்கரங்களின் இடைவெளியைச் சரிபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. காந்தம் போனபின் காரைக் காப்பாற்றுவது விரல் ஒன்றே. எப்போது அழுத்துவது என்பது அரை மணியில் வந்துவிடும். எப்போது விடுவது என்பதைக் கற்க மாதங்கள் ஆகும்.

இவர்களும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம் நடத்துகிறார்கள். பல பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து முறைவைத்து ஓட்டுகிறார்கள். உள்காடி, வெளிக்காடி என்ற வித்தியாசம் நேராதபடி எல்லாக் காடிகளிலும் சம நேரம் ஓட்டிச் சுற்றுக்களைக் கூட்டுகிறார்கள். நடுநிசியில் டயர் தேயும், செப்புப் பின்னல் கருகும், பக்கத்துக் கண்ணாடி உடையும்.

இங்கேதான் வழக்கு எழுகிறது. "இனி அச்சிடப்படாத மாதிரியை ஓட்டி உடைப்பது பாவம், பெட்டி பிரிக்காமல் வைத்தால் விலையும் ஏறும்" என்பது ஒரு கட்சி. "ஓடாத கார் காரே அல்ல" என்பது மறு கட்சி. முதற்கட்சியின் அச்சம் நியாயமானது. மெல்லிய இறக்கை ஒன்று ஒடிந்தால் மாற்றுக் கிடைப்பது அரிது. ஆனால் பெட்டியும் காலத்தை நிறுத்துவதில்லை. உள்ளே ரப்பர் இறுகும், எண்ணெய் உலரும். அன்றியும், தாங்குவதற்கென்றே பிறந்த வண்டியின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் குணத்தைப் பார்க்காமல் விடுவது பாதி வாசித்த புத்தகத்தை மூடுவதுபோல. அரிதானது ஒன்று அலமாரியில் இருக்கட்டும். இன்னும் கடையில் கிடைப்பது ஒன்று பாதையில் ஓடட்டும் என்பதே என் தீர்ப்பு.

1955-ல் லெ மானில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து, எண்பதுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. மேஜைமேல் ஓடும் வண்டி துள்ளி விழுந்தால், பக்கத்தில் நிற்கும் நண்பர் எடுத்துக் காடியில் வைப்பார், ஓட்டம் தொடரும். வளைவின் முன்னே அடங்கும் பாடத்தை இத்தனை மலிவாகக் கற்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையிலும் விசையைக் கொடுங்கள். முதலில் காந்தத்தோடு ஓட்டட்டும். கை பழகியதும், அதைக் கழற்ற வேண்டுமென்று அவர்களே கேட்பார்கள்.