மான் தடத்தில் முதல் கேமரா: வாங்குவதும் கட்டுவதும்



போன ஆண்டு எங்கள் பள்ளிப் பசுமைக் கழகத்துக்கு ஒரு தடக் கேமரா வாங்கினோம். செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுக் கட்டிவிட்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்துப் போய் அட்டையை எடுத்தால் 1,900 படங்களுக்கு மேல் பதிவாகியிருந்தன. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கணினியில் திறந்தபோது முன்வரிசையில் இருந்த மாணவன் சொன்னான்: “டீச்சர், எல்லாம் லாலாங்தான்!”

உண்மைதான். அத்தனையும் காற்றில் ஆடுகிற புல். மான் ஒன்றுகூட இல்லை.

தவறு கேமராவில் இல்லை, எங்களிடம்தான். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றியிருந்தோம். ‘என்ன செய்ய வேண்டும்’ என்று படித்தோமே தவிர, ‘ஏன்’ என்று கேட்கவில்லை. முதல் கேமரா வாங்கப்போகும் உங்களுக்கு அந்த ‘ஏன்’ தெரிந்திருந்தால் போதும். கருவி எந்த நாட்டுக்காக எழுதிய குறிப்போடு வந்தாலும் சமாளித்துவிடலாம்.

வேட்டையில் பிறந்த கருவி

தடக் கேமரா என்பது விலங்கு நடமாடும் தடத்தில் மரத்தோடு கட்டிவைக்கும் சிறு பெட்டி. ஆள் அருகில் இருக்க வேண்டியதில்லை. விலங்கு கடக்கும்போது தானே படம் எடுக்கும்.

இந்த எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் இளமையில் மான் வேட்டையாடியவர். பிறகு துப்பாக்கி இருந்த கையில் கேமராவை எடுத்துக்கொண்டார். மிச்சிகன் மாநிலக் காடுகளில் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, மானே அதில் இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1906 ஜூலை மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வெளிவந்தன.

இன்று அதே அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டையாடுபவர்களே இந்தக் கேமராவுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள். பருவம் தொடங்கும் முன்பே எந்த மான், எத்தனை மணிக்கு, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துகிறார்கள். நம் வட்டாரத்தில் இதை அதிகம் பயன்படுத்துபவர்கள் புலி, தப்பீர், மான் ஆகியவற்றை ஆராய்பவர்கள். கருவி ஒன்று, நோக்கம் வேறு.

அது பார்ப்பது மானை அல்ல

எங்கள் 1,900 புல் படங்களுக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கேமராவின் உணரி மானைப் பார்ப்பதில்லை. தன் எதிரே வெப்பம் இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று நகர்ந்தால், ‘எடு படம்’ என்று கட்டளை கொடுக்கும்.

அமெரிக்காவில் நவம்பர் மாதக் குளிரில் மானின் உடல் சூடு தனித்துத் தெரியும். நம் ஊரில் பிற்பகல் வெயில் 33 டிகிரியைத் தொடும்போது மானின் மேல்தோலுக்கும் காற்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஆகவே கேமரா மானைத் தவறவிடலாம். வெயிலில் காய்ந்த இலையோ காற்றில் ஆடினால் அதையே விலங்கென்று எடுத்துக்கொள்ளும்.

‘வயல் விளிம்பைப் பார்த்துக் கட்டு’ என்ற குறிப்பு, அந்தி நேரத்தில் சோள வயலுக்கு மான் வரும் நாட்டுக்குப் பொருந்தும். நாங்களோ அதை நம்பி லாலாங் வெளியைப் பார்த்துக் கட்டிவிட்டோம்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. *படமெடுக்கும் வேகம்.* வெப்பத்தை உணர்ந்த நொடிக்கும் படம் எடுக்கும் நொடிக்கும் உள்ள இடைவெளி இது. அரை வினாடிக்குள் இருந்தால் நல்லது. ஒரு வினாடியைத் தாண்டினால் மானின் வால் மட்டும்தான் கிடைக்கும்.

2. *இரவு விளக்கு.* இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தூரம் வரை எட்டும். ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. எட்டும் தூரம் குறைவு. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இரண்டாவது வகையே பாதுகாப்பு. சிவப்புப் புள்ளியைப் பார்த்து யாரும் கேமராவைத் தேடி வரமாட்டார்கள்.

3. *மெகாபிக்சல்.* பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். பல மலிவுக் கேமராக்கள் சிறிய படத்தை மென்பொருளால் பெரிதாக்கிவிட்டு அந்த எண்ணைச் சொல்கின்றன. அந்தக் கேமராவில் இரவில் எடுத்த மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4. *பேட்டரி.* 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான். ஆனால் கடைசி வரை மின்னழுத்தம் அதிகம் இறங்காது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும், இரவு விளக்கின் ஒளியும் மங்கிக்கொண்டே போகும்.

5. *மூடியின் ரப்பர் விளிம்பு.* நம் மழைக்கும் ஈரத்துக்கும் இதுதான் உயிர்நாடி. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். எறும்பு கூடு கட்டிய கேமராவை நானே திறந்திருக்கிறேன்!

கைப்பேசிக்கு உடனே படம் அனுப்பும் வகையும் உண்டு. முதல் கேமராவுக்கு அது தேவையில்லை. காட்டோரத்தில் அலைவரிசை கிடைப்பதும் நிச்சயமில்லை.

கட்டும்போது: ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம்

*உயரம்.* அமெரிக்கக் குறிப்பு 90 சென்டிமீட்டர் என்று சொல்லும். வெள்ளைவால் மானின் தோள் ஏறக்குறைய அந்த உயரம், காரணம் அவ்வளவுதான். நம் கடமானுக்கு அது பொருந்தும். கேளையாட்டுக்கு, அதாவது மலாயில் கிஜாங் என்பதற்கு, முழங்கால் உயரம் போதும். புலாவ் உபின் தீவில் உள்ள பெரிய சருகுமானுக்கு இன்னும் தாழ்வாக இறக்க வேண்டும். ஆக, நீங்கள் தேடும் விலங்கின் மார்பு உயரமே கேமராவின் உயரம்.

*தூரம்.* தடத்திலிருந்து 3 முதல் 5 மீட்டர். மிக அருகில் கட்டினால் இரவு விளக்கில் படம் வெளுத்துவிடும். தள்ளிக் கட்டினால் உணரிக்கு வெப்பம் எட்டாது.

*கோணம்.* விலங்கு குறுக்கே கடந்தால் உணரி எளிதில் கண்டுகொள்ளும். நேரே நோக்கி வந்தால் தாமதமாகத்தான் உணரும். ஆனால் முழுக் குறுக்காகக் கட்டினால், மெதுவான கேமரா எடுப்பதற்குள் விலங்கு போய்விடும். அதனால் தடத்துக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் கட்டுங்கள். இரண்டு சிக்கலுக்கும் நடுவழி அது.

*திசை.* கிழக்கும் மேற்கும் வேண்டாம். காலை மாலைச் சூரியன் நேரே லென்ஸில் விழும். அமெரிக்காவில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்கு நோக்கிக் கட்டச் சொல்வார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வடக்கு, தெற்கு இரண்டும் நமக்கு ஒன்றுதான்.

*நிழலும் துப்புரவும்.* வெயில் விழாத, மரநிழல் உள்ள தடத்தைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸுக்கு முன்னால் தொங்கும் இலை, கொடி, புல் ஆகியவற்றை மட்டும் விலக்குங்கள். கட்டும் மரம் காற்றில் ஆடாத தடித்த மரமாக இருக்கட்டும்.

*தேதி, நேரம்.* பல கேமராக்கள் மாதத்தை முதலில் போடும். 03/07 என்பது மார்ச் 7-ஆ, ஜூலை 3-ஆ? கட்டும் முன்பே சரிசெய்யாவிட்டால் பின்னர் எழுதும் அறிக்கை முழுதும் குழப்பம்தான். சேமிப்பு அட்டையையும் அதே கேமராவில் வைத்து முதலில் அழித்துத் தயார் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நீங்களே குனிந்து, மான் போலத் தடத்தில் ஒருமுறை நடந்து காட்டுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அட்டையில் உங்கள் படம் விழுந்தால்தான் கேமரா சரியாக இருக்கிறது என்று பொருள்.

படம் கிடைத்த பிறகு

இப்படி இடம் மாற்றிக் கட்டிய பத்தாவது நாள் எங்களுக்கு ஒரு கேளையாடு கிடைத்தது. அதிகாலை 5.40 மணி, தலையைத் தூக்கி எங்களையே பார்ப்பதுபோல் ஒரு படம். மகிழ்ச்சியில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம்; தோட்டத்தின் பகுதி எண்ணையும் சேர்த்தே போட்டோம். அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் போனது. சில நாளில் ஒரு மாணவியிடம் கடைவீதியில் யாரோ, “அந்த மான் வருகிற வழி எது?” என்று விசாரித்திருக்கிறார். அடுத்த முறை போனபோது தடத்தில் ஒரு கம்பிக் கண்ணி கிடந்தது.

நாங்கள் அதைத் தொடவில்லை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுத்தோம். கேமராவையும் கழற்றிக்கொண்டோம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதாவது 716-ஆம் சட்டப்படி, கண்ணி வைப்பது குற்றம். ஆனால் அந்தக் கண்ணிக்கு வழிகாட்டியது எங்கள் படம். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

வேட்டை நாடுகளிலேயே இந்தக் கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்காகத் தடக் கேமரா பயன்படுத்துவதைத் தடை செய்தது. வறண்ட அந்த மண்ணில் விலங்குக்கு நீர்நிலைகள் சிலவே. ஒவ்வொன்றிலும் கேமரா இருந்தால் விலங்குக்குத் தப்ப வழி ஏது?

ஆகவே மூன்று விதிகள். ஒன்று, நிலத்துக்காரர் அல்லது வனத்துறை அனுமதியின்றிக் கட்டாதீர்கள். இரண்டு, மனிதர் முகம் பதிவானால் அழித்துவிடுங்கள். மூன்று, படத்தைப் பகிர்ந்தாலும் இடத்தைப் பகிராதீர்கள்.

வகுப்பறைக்கு

தேர்வு எழுதும் மாணவர்களே, விளக்கக் கட்டுரையில் பலர் மதிப்பெண் இழப்பது ஏன் தெரியுமா? ‘90 சென்டிமீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும்’ என்று படியை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இல்லையேல்’ என்ற மூன்று சொற்களில் ஒன்றாவது ஒவ்வொரு படியோடும் வர வேண்டும். காரணம் தெரியாத படி இடம் மாறினால் தவறிவிடும். எங்களிடம் 1,900 புல் படங்கள் சாட்சிக்கு இருக்கின்றன!

*பயிற்சி:* உங்களுக்குப் பழக்கமான ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பயன்படுத்தும் ஐந்து படிகளை, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டி, 150 சொற்களில் எழுதுங்கள். பிறகு நண்பரிடம் கொடுத்து, “இதில் எங்கே ‘ஏன்’ என்று கேட்கத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் ஒரு வாக்கியம் கூட்டுங்கள்.