பூக்காரியின் இங்கிலீஷ்

பி.காம். முடித்துவிட்டுப் போன முதல் இன்டர்வியூவில் நான் 'டெப்ட்' என்றேன். கடன் சார், கடன்! எழுத்தில் 'பி' இருக்கிறதே என்று மரியாதையாக உச்சரித்து வைத்தேன். டை கட்டிய ஆசாமி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ''டெட்'' என்று திருத்தினார். மூன்று வருஷம் அக்கவுன்ட்ஸ் படித்தவனின் கணக்கு அங்கேயே க்ளோஸ்!

அதனாலோ என்னவோ, 1964-ல் வந்த 'மை ஃபேர் லேடி'யை வெறும் காதல் படமாக என்னால் பார்க்க முடிவதில்லை. போன ஞாயிறு மத்தியானம், சாம்பார் மயக்கத்தில், மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து லேப்டாப்பில் நாலாவது தடவையாகப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம். தூங்கவில்லை (நான்கூட!).

லண்டன் கோவென்ட் கார்டன் மார்க்கெட்டில் பூ விற்கிறவள் எலைசா. அவள் வாயைத் திறந்தாலே ஹிக்கின்ஸுக்குக் காது வலிக்கும். உச்சரிப்பு வாத்தியார். 'ஆறே மாசத்தில் இவளைச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன்' என்று கர்னல் பிக்கரிங்கிடம் சவால். நம்ம 'முப்பதே நாளில் ஆங்கிலம்' புத்தகத்தைவிடத் தாராளமான டயம்தான்!

முதல் பரீட்சை அஸ்காட் குதிரைப் பந்தயத்தில். பெரிய மனுஷர்கள் எல்லாரும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் உடையில் பொம்மை மாதிரி நிற்கிறார்கள். எலைசாவின் உச்சரிப்பு அப்பழுக்கில்லை. ஆனால் அவள் சொல்வதோ, அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்ட கதை! கடைசியில் குதிரையைப் பார்த்து ஒரு கத்தல் கத்துகிறாள் பாருங்கள்... பேட்டை பாஷை, பச்சையாக.

அதைவிட எனக்குப் பிடித்தது ராஜாங்க விருந்து. அங்கே வரும் ஹங்கேரிக்கார நிபுணர் அவளோடு ஆடிப் பார்த்துவிட்டு, 'இத்தனை சுத்தமாக இங்கிலீஷ் பேசுகிறவள் இங்கிலீஷ்காரியாக இருக்கவே முடியாது' என்று தீர்ப்புச் சொல்கிறார். இதை யாராவது அந்த இன்டர்வியூவுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

மூலம் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம், 1913. பாட்டு கிடையாது. ஷா காலமான பிறகு லெர்னரும் லோவும் பாட்டுப் போட்டு 1956-ல் பிராட்வே மேடையேற்றினார்கள். 2,717 காட்சிகள்! மேடையில் எலைசாவாக ஆடிப் பாடிப் பேர் வாங்கியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படமெடுக்க உரிமை வாங்கிய ஜாக் வார்னர், 'சினிமாவில் இவரை யாருக்குத் தெரியும்?' என்று ஒதுக்கிவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்.

ஆட்ரி பாட்டுப் பயிற்சி எடுத்து ஆசையாகப் பாடினார். எடுபடவில்லை. பெரும்பாலும் மார்னி நிக்ஸனின் குரலைச் சேர்த்துவிட்டார்கள். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். சரோஜாதேவிக்கு சுசீலா பாடவில்லையா? பாடினார், டைட்டிலிலும் பேர் வந்தது. மார்னிக்கு அதுகூட இல்லை. ஹிக்கின்ஸாக வந்த ரெக்ஸ் ஹாரிஸனுக்கோ டைக்குள் மைக்கை ஒளித்து வைத்து, அவர் பாதி பேசிப் பாதி பாடியதை அப்படியே பதிவு செய்தார்கள். ஆம்பளைக்கு ஒரு சட்டம்!

சொந்தக் குரலில் பேசாதே என்று ஒருத்தியை மிரட்டும் கதை. அதில் நடித்தவளுக்கே சொந்தக் குரல் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் உற்றுக் கேளுங்கள். வாத்தியாரை மனசாரச் சபித்து எலைசா பாடுகிறாளே, அந்தப் பாட்டில் பெரும்பகுதி ஆட்ரியே பாடியது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னேதான். கோபம் மட்டும் அசல். நாலு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அங்கேதான்.

படத்துக்கு எட்டு ஆஸ்கார். ரெக்ஸுக்கும் உண்டு. ஆட்ரிக்குப் பரிந்துரைகூட இல்லை. அந்த வருஷத்துச் சிறந்த நடிகை? 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக, சாட்சாத் ஜூலி ஆண்ட்ரூஸ்! இடம் மறுக்கப்பட்டவருக்கு இப்படியொரு புரமோஷன் ஆபீஸில் நடந்து நான் பார்த்ததில்லை.

முடிவில்தான் தகராறு. எலைசா வாத்தியாரைக் கட்டமாட்டாள் என்று ஷா தனியாகவே எழுதி வைத்தார். படத்திலோ அவள் திரும்பி வருகிறாள். ஹிக்கின்ஸ் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்பு எங்கே என்கிறார். சுபம்.

''செருப்பு தேடிக் கொடுக்கத்தான் இத்தனை இங்கிலீஷ் படிச்சாளா?'' என்றாள் மனைவி.

கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று கேட்க வாயெடுத்த நான், எழுந்துபோய் நானே தேட ஆரம்பித்தேன்.