நடந்தா ‘ப’ வரும்!

பேனா, பேப்பர் இல்லாம எழுதலாமா பாஸ்? செருப்பு இருந்தா போதும்! போனில் ஜி.பி.எஸ். பாதையைப் பதிவு பண்ற ஆப் ஒண்ணை ஆன் பண்ணிட்டு நடங்க. நீங்க போன வழி மேப்பில் கோடா விழும். அதான் ஜி.பி.எஸ். ஓவியம்.

2000-லேயே இங்கிலாந்தின் ஜெரமி வுட் இதை ஆரம்பிச்சுட்டார். ஜப்பானின் யாசுஷி தகாஹாஷி, ‘என்னைக் கட்டிக்கிறியா?’னு இங்கிலீஷில் எழுத நாடு முழுக்கச் சுத்தினார். 7,000 கிலோமீட்டருக்கு மேல்... கின்னஸ் சாதனை! காதலியும் ஓ.கே. சொல்லிட்டாங்க.

நம்ம வேப்பம்பட்டில் மனை போட்ட நகர்களுக்குப் போங்க. நேர்த் தெருவில் வட்டம் வராது. ஆனா, ஊர்ப் பேரிலேயே இருக்கே ‘ப’... அது வரும்! ஒரு தெருவில் இறங்கி, குறுக்கே நடந்து, அடுத்த தெருவில் ஏறினா எழுத்து ரெடி. பெரிசாவே எழுதுங்க. ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். சின்ன எழுத்துன்னா கோழி கிறுக்கல்தான்.

ஒரே ஒரு கண்டிஷன். ஊரை ரெண்டாப் பிரிக்கிற ரயில் பாதைக்கு ஒரே பக்கமா எழுத்தை முடிச்சுடுங்க. கோடு நேரா வரணும்னு தண்டவாளத்தில் இறங்கவே வேணாம். 2023 நவம்பரில் இங்கே தண்டவாளத்தைக் கடந்த ஒரு அப்பாவும் ரெண்டு மகள்களும் ரயில் மோதி இறந்தாங்க. போனைப் பார்த்துக்கிட்டே நடக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

‘ப’ கோணலா வந்தா என்ன? நாளைக்கு இன்னொரு தடவை நடந்துக்கலாம் பாஸ்!