பயந்த உடம்புக்கு முதல் மருந்து

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடலையும் கரையையும் இணைக்க, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருப்பது வழக்கம். அந்த இன்னொருவர் பல நேரம் மனைவிதான். இரவு அடித்தவர் பக்கத்திலேயே காலையில் தறியில் உட்கார வேண்டிய பெண்ணுக்கு, வேலைக்கென்று வெளியே போய் மூச்சு விடும் நேரம்கூடக் கிடையாது.

இது நெசவு வீடுகளின் கதை மட்டுமல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள்.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலின் பாய்கிறது, நிதானமாக யோசிக்கும் மூளையின் முன்பகுதி பின்தங்குகிறது. எதிர்க்கவோ ஓடவோ வழியில்லாதபோது உடல் உறைந்து நிற்கும். "ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவர்கள் அறிய வேண்டியது இதுதான்: உறைந்து போவது அவள் எடுத்த முடிவல்ல. வன்முறை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அபாயம் இல்லாத நேரத்திலும் எச்சரிக்கை ஓயாது. தாழ்ப்பாள் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்லவும் வராமல் போகலாம். நினைவுகள் துண்டு துண்டாகப் பதிந்திருக்கலாம்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம் வீடுகளில் ஆறுதல் சொல்வார்கள். கனடா உளவியலாளர்கள் டோனல்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் ஆராய்ந்தது இந்த இடத்தைத்தான். அடியும் அன்பும் மாறி மாறி வரும்போது, அடிபட்டவரின் பிணைப்பு தளர்வதற்குப் பதிலாக இறுகிப்போகிறது. பிரிந்து வந்த பெண் திரும்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவளைக் கோழை என்று பழிப்பது அறியாமை.

போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவம் 1980-இல் நோய்ப்பெயர் கொடுத்தது. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கும் அதே காயம் உண்டு என்று 1992-இல் நூலாகவே எழுதியவர் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். அவர் குணமாதலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் உறவுகளோடு இணைதல்.

பாதுகாப்பு முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அச்சுறுத்தல் நீடிக்கும்வரை மூளை எச்சரிக்கையைத் தளர்த்தாது. எனவே ஆலோசகர் முதல் நாளே முழுக் கதையையும் கேட்பதில்லை. தூக்கம், தங்கும் இடம், கையில் பணம், குழந்தைகள் என்று தொடங்குகிறார். எங்கே உட்காரலாம், கதவு திறந்திருக்கட்டுமா, எதைப் பேசலாம் என்பதையெல்லாம் அவளிடமே கேட்கிறார். பறிபோன முடிவெடுக்கும் உரிமை இப்படித்தான் சிறுகச் சிறுகத் திரும்புகிறது. நினைவுகளை எதிர்கொள்வது அதன் பிறகு. அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த முறைகளில் மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஒன்று.

நம் வழக்கமோ நேர்மாறானது. பெரியவர்கள் கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி, அன்றே சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அடி தொடரும் வீட்டில் இப்படிச் செய்வது ஆபத்து. கணவர் முன்னால் அவளால் உண்மை பேச முடியாது. பேசினால் வீட்டில் விலை கொடுக்க வேண்டும்.

ஓரிக்கையின் தலபுராணம் வேறு வழி காட்டுகிறது. காஞ்சி மன்னன் கணிகண்ணன் என்ற பக்தனை ஊரைவிட்டு விரட்டியபோது, அவன் குருவான திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிக்கை. "பொறுத்துப் போ" என்று கணிகண்ணனிடம் யாரும் சொல்லவில்லை, கூடவே போனார்கள். தவறு செய்தவன் வந்து பணிந்த பிறகுதான் திரும்பினார்கள்.

கூடப் போகும் அந்த வேலையைச் சென்னையில் பிசிவிசி அமைப்பு 2001 முதல் செய்துவருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பிழைத்த பெண்களுக்கு இயன்முறைச் சிகிச்சை, மன ஆலோசனை, சட்ட உதவி எல்லாவற்றிலும் துணை நிற்கிறது.

ஹெர்மன் சொன்ன மூன்றாம் கட்டத்தில்தான் நல்ல உறவு கைகூடுகிறது. பயப்படாமல் மறுத்துப் பேச முடிகிறதா? சம்பாதித்த காசு தன் கையில் இருக்கிறதா? அம்மாவிடமும் தோழியிடமும் யாரையும் கேட்காமல் பேச முடிகிறதா? உறவின் நலத்தை அளக்க இந்தக் கேள்விகள் போதும். மறுப்புச் சொல்வதைக்கூட ஆலோசனை அறையில் பழகிப் பார்க்கலாம்.

181 மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. மனநல உதவிக்கு 14416. மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவர் வீட்டில் வசிக்கும் உரிமையையும் பெண்ணுக்குத் தருகிறது.

மகள் பையோடு வாசலில் வந்து நின்றால், காரணம் கேட்டு நிற்க வைக்காதீர்கள். "உள்ளே வாம்மா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அடுத்து என்ன என்பதை நீ சொல்லு, நாங்கள் கூட வருகிறோம்" என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது.