பழைய வாகனத்தின் சுவிட்சுகள்: கழற்றுதலும் பழுதறிதலும்

காணியையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்திடம் பழைய வாகனம் ஒன்று எஞ்சியிருந்தால், அதுவே பல வேளைகளில் சோறு போடும் சொத்தாகிறது. மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும், அவசரத்துக்கு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லவும் அது கைகொடுக்கிறது. ஆனால் விடியுமுன் பதுளைக்குப் புறப்படும் வேளையில், லுணுகலைக்கும் பசறைக்கும் இடையிலுள்ள வளைவுகளில், மூடுபனிக்குள் விளக்கு அணைந்துவிட்டால் என்ன செய்வது? 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை. எனினும் அந்த வீதி சிறு பிழையையும் பொறுக்காது என்பதை அது காட்டியது.

விளக்கு எரியாவிட்டால் "சுவிட்ச் போய்விட்டது" என்று முடிவு கட்டி, பணம் கொடுத்து வேறொன்று வாங்குவது வழக்கம். உண்மையில் பல சுவிட்சுகள் கெடுவதில்லை, அழுக்கேறிக் கிடக்கின்றன. ஆகவே மாற்றுமுன் சோதிக்க வேண்டும். இலங்கையில் நன்கு அறிமுகமான மொரிஸ் மைனரை உதாரணமாகக் கொண்டு அதனை இங்கு விளக்குகிறோம். ஒஸ்டின் கார், பழைய லேண்ட் ரோவர் ஆகியவற்றுக்கும் இம்முறை பெரிதும் பொருந்தும்.

இவை ஏன் இன்னும் ஓடுகின்றன?

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த கார்களையே நம்மவர்கள் பழுது பார்த்து ஓட்டினார்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை நிலவியபோது, இவ்வகைப் பழைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே வழி திறந்தது. இவ்வளவு காலம் இவை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், சாதாரண ஆளும் கழற்றிப் பார்க்கக்கூடிய எளிய அமைப்பேயாகும்.

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

எதனையும் கழற்றுமுன் பின்வருவனவற்றை அவதானியுங்கள்.

1. எதுவுமே இயங்கவில்லை என்றால் பெற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள்.

2. வைப்பர், சிக்னல் விளக்கு, பிரேக் விளக்கு, பெற்றோல் மானி ஆகியன ஒன்றாக நின்றுவிட்டால் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டாம். பியூஸ் பெட்டியில் ஏ3, ஏ4 என்ற முனைகளுக்கு இடையிலுள்ள பியூஸைப் பாருங்கள்.

3. தலைவிளக்கு ஒன்று மட்டும் எரியாவிட்டால் பல்ப் அல்லது அவ்விளக்கின் எர்த் வயரே காரணம்.

4. சிறு விளக்குகள் எரிந்து தலைவிளக்கு இரண்டும் எரியாவிட்டால், தரையில் காலால் மிதிக்கும் டிம் சுவிட்சைப் பல முறை மிதித்துப் பாருங்கள். சேறும் ஈரமும் முதலில் சேருவது அங்கேதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும்.

கழற்றும் முறை

முதல் வேலை பெற்றரியைத் துண்டிப்பது. வாகன உடலோடு இணைந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் உடலில் பட்டதும் தீப்பொறி பறக்கும். திரும்பப் பூட்டும்போது உடலோடு இணையும் முனை கடைசியாக வரட்டும். மொரிஸ் மைனரில் உடலோடு இணைவது நேர்முனை (+) ஆகும். இன்றைய வாகனங்களில் எதிர்முனை (−) இணைகிறது. சில கார்களை முந்திய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். எனவே நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். புதிய ரேடியோ போன்றவற்றை இதைக் கவனியாது மாட்டினால் அவை கருகிவிடும்.

டேஷ்போர்டில் உள்ள எல்லாக் குமிழ்களும் சுவிட்ச் அல்ல. சோக் குமிழ் ஒரு கம்பியை இழுக்கிறது. பழைய மாதிரிகளில் ஸ்டார்ட்டர் குமிழும் அப்படித்தான்.

இழுக்கும் சுவிட்ச் பலவற்றில் குமிழின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். மெல்லிய ஆணியால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முனையை அழுத்தினால் குமிழ் கழன்று வரும். அதன் பின் முன்பக்க வளையத்தை இடப்புறமாகத் திருப்பிக் கழற்றி, சுவிட்சைப் பின்புறமாக எடுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம், பேக்லைட் உடல் வெடித்துவிடும்.

வயர்களை விலக்குமுன் ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி இலக்கமிட்டு, ஒரு கடதாசியில் படம் வரையுங்கள். பழுப்பு நிற வயர் பெற்றரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டால் மட்டும் மின் வருவது, பச்சை பியூஸைக் கடந்து வருவது, நீலம் தலைவிளக்குக்கும் சிவப்பு சிறு விளக்குக்கும் செல்வது, கறுப்பு எர்த். ஆனால் நிறம் மங்கியிருக்கலாம், இடையில் வேறு வயர் போட்டிருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சோதித்தல்

கழற்றிய சுவிட்ச், 12 வோல்ட் பல்ப், பெற்றரி ஆகிய மூன்றையும் வயரால் ஒரே வளையமாக இணையுங்கள். சுவிட்சைப் போட்டால் பல்ப் பிரகாசமாக எரிந்து, நிறுத்தினால் அணைய வேண்டும். எரியாமலோ, மங்கலாகவோ, விட்டுவிட்டோ எரிந்தால் உட்பகுதியில் களிம்பு பிடித்திருக்கிறது. முனைகளை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, உட்பகுதியில் ஸ்பிரிட் விட்டு முப்பது தடவை இயக்கி, நன்றாக உலர்ந்தபின் மீண்டும் சோதியுங்கள். அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. அப்படியும் சரிவராவிட்டால் மட்டும் வேறு சுவிட்ச் வாங்குங்கள்.

சுவிட்ச் ஏன் சூடாகிறது?

42 வாட் பல்ப் இரண்டு எரிகையில் ஏறத்தாழ 7 அம்பியர் மின் சுவிட்ச் வழியே செல்கிறது. களிம்பினால் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலே, அச்சிறு சுவிட்சுக்குள் 5 வாட் அளவு வெப்பம் உண்டாகும். வெளிச்சம் போதாதென்று 60 வாட் பல்ப் போட்டால் மின் 10 அம்பியராக உயர்ந்து, வெப்பம் இரு மடங்காகும். மொரிஸ் மைனரின் ஆரம்ப வயரிங்கில் தலைவிளக்குக்குப் பியூஸ் கிடையாது. வயர் உடலில் உரசினால் புகைதான் முதல் எச்சரிக்கை. பெரிய பல்ப் வேண்டுமானால் அத்துடன் ஒரு ரிலேயும் பியூஸும் பூட்டுங்கள். அப்போது பெருமளவு மின்னை ரிலே சுமக்க, சுவிட்ச் அதனை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். எரிந்த பியூஸில் சிகரெட் ஈயத்தாளைச் சுற்றவே வேண்டாம்.

எமது பகுதியில் ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு பகற்பொழுதை இவ்வேலைக்கு ஒதுக்குங்கள். சோதனை பல்ப் ஒன்றையும், நீங்கள் வரைந்த வயர் படத்தையும் வாகனத்திலேயே வைத்திருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் காட்டிக் கொடுங்கள். இடம் மாறி வந்த இடத்திலும் கையோடு வரும் முதல், கைத்தொழில் அறிவு அல்லவா?