பாட்டு கேட்டால் வயது குறையுமா?

64 வயதைப் பற்றிய பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது குறைந்துவிட்டது. இளமையாக உணர்ந்தார்கள் என்பதல்ல; பிறந்த தேதிப்படியே குறைந்ததாம். 2011இல் ஓர் உளவியல் ஆய்விதழில், முறையான புள்ளியியலோடு வெளியான முடிவு இது. கணக்கில் பிழை கிடையாது.

எழுதிய மூவருக்கும் இது அபத்தம் என்று தெரியும். அதைக் காட்டத்தான் எழுதினார்கள். மறைத்ததையெல்லாம் அதே கட்டுரையில் போட்டு உடைத்தார்கள். 34 பேருக்கு மூன்று பாட்டுகளில் ஒன்றைப் போட்டார்கள். அப்பா வயது, அம்மா வயது, அரசியல் சாய்வு, 100இன் வர்க்கமூலம், 'அந்தக் காலம்போல வருமா' என்று எத்தனை தடவை சொல்வீர்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். எத்தனை பேரோடு நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யவில்லை. நடுநடுவே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா வயதைக் கணக்கில் சேர்த்தபோது வித்தியாசம் புள்ளியியல்படி தேறியது. சேர்க்காவிட்டால் தேறவில்லை. மூன்றாவது பாட்டைக் கழற்றிவிட்டு, 20 பேரை வைத்து முடிவை எழுதினார்கள். எல்லாம் தரவைப் பார்த்தபின் தீர்மானித்தவை.

நல்ல ஆய்வுக் கேள்விக்குப் பாடப்புத்தகம் நாலைந்து இலக்கணம் சொல்லும். எனக்கு ஒன்று போதும்: தரவு கைக்கு வருமுன் எழுதியதா? 'போன் பிள்ளைகளைக் கெடுக்கிறதா' என்பது கேள்வியே அல்ல. என்ன வந்தாலும் ஆமாம் போடலாம். 'தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் போனைத் தள்ளிவைக்கும் பிளஸ் டூ மாணவர்கள், வைக்காதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள்' என்பது கருதுகோள். யாரை, யாரோடு ஒப்பிட்டு, எதை அளப்பது என்பது உள்ளேயே இருக்கிறது. முக்கியமாக, இது தோற்கலாம்.

தோற்காதபடி பின்னால் திருத்திக்கொள்வதுதான் என் கவலை. தற்செயலாகத் தேற 5 சதவீதம் இடம் கொடுக்கும் வழக்கமான அளவுகோலில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைப் போட்டால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது தேற 64 சதவீத வாய்ப்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 'இதைத்தான் எதிர்பார்த்தோம்' என்று எழுதுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெருமுயற்சியின் முடிவு 2015இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் தேறியிருந்தன; மறுமுறை தேறியது 36 சதவீதம். வேறு காரணங்களும் சொல்கிறார்கள், இருக்கட்டும்.

எதிர்பாராமல் கிடைப்பதும் அறிவியல்தானே என்பார்கள். தேடட்டும், தேடித்தான் கிடைத்தது என்று சொல்லிவிடட்டும்.

கருதுகோள், ஆள் எண்ணிக்கை, போடப்போகும் கணக்கு ஆகியவற்றைத் தேதியோடு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. கேள்வியையும் முறையையும் மட்டும் பார்த்து, முடிவு வருமுன்பே கட்டுரையை ஏற்கும் இதழ்களும் உண்டு. முன்பதிவுக்குக் காசு கேட்காத தளங்கள் இருக்கின்றன. ஆகவே பணமில்லை என்று எந்த மாணவரும் சொல்ல வேண்டியதில்லை.

'அஞ்சு நிமிஷம்தான், ஃபில் பண்ணிக் குடுங்க' என்று வாட்ஸ்அப்பில் ஆய்வுப் படிவம் வந்தால் தாராளமாக நிரப்பிக் கொடுங்கள். கருதுகோள் என்ன என்று கேட்காதீர்கள், அது உங்கள் பதிலையே மாற்றிவிடும். எழுதித் தேதி போட்டாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.