ஒகேனக்கல் அருவி கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம்: மணிரத்னம் படங்கள் நம் வீட்டுக்கு வந்த கதை

'ரோஜா' என்றால் ஊருக்கெல்லாம் காஷ்மீர் ஞாபகம் வரும். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் வருவது ஒகேனக்கல். 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அந்தப் படத்தின் 'சின்ன சின்ன ஆசை' பாடலுக்காக மணிரத்னமும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனும் இங்கேதான் கேமராவை வைத்தார்கள். பாபநாசம் மலையில் இருக்கும் பாணதீர்த்தம் அருவியும் அதே பாட்டில் வருகிறது. கதையில் வரும் காஷ்மீர்தான் நிஜமில்லை. அங்கே நிலைமை சரியில்லாததால் மணாலியிலும் ஊட்டி, குன்னூரிலும் எடுத்தார்கள். நம்ம ஊர் அருவி அசல்!

தியேட்டரில் அந்தப் பாட்டைப் பார்த்தவர்களைவிட வீட்டில் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கேசட், கேபிள் டி.வி., வி.சி.டி., டி.வி.டி., இப்போது செல்போன் என்று முப்பது வருடங்களில் ஐந்து அவதாரம். ஒவ்வொன்றிலும் ஒகேனக்கல் தண்ணீர் வேறு வேறு மாதிரி தெரிந்தது.

முதலில் வந்தது டெக். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பண்டிகை, காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு வரும். கூடவே நாலு கேசட். தெருவே பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும். வி.எச்.எஸ். டேப்பில் ஓட ஓடத் தேய்மானம் உண்டு. பத்து வீட்டுக்குப் போய் வந்த கேசட்டில் படத்தின் மேலும் கீழும் கோடு ஓடும். 'ஹெட்' அழுக்காகிவிட்டால் ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள்.

இன்னொரு விஷயம் அப்போது பலருக்குத் தெரியாது. தியேட்டரில் ஃபிலிம் நொடிக்கு 24 படம் ஓடும். நம் நாட்டு டி.வி. முறையில் நொடிக்கு 25. ஃபிலிமை டி.வி.க்கு மாற்றும்போது பொதுவாக அந்த 24-ஐ 25 ஆக்கி ஓட்டிவிடுவார்கள். அதனால் படம் 4 சதவீதம் வேகமாகப் போகும். இரண்டேகால் மணி நேரப் படம் ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாடகரின் குரலும் கொஞ்சம் மேலே ஏறும். ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படப் பாடல்களை நிறைய வீடுகளில் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆடியோ கேசட்டில் ஒரு சுருதி, டெக்கில் இன்னொரு சுருதி.

அடுத்து வந்தது வி.சி.டி. ஒரு தட்டில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, நீளமான படத்துக்கு மூன்று. இடைவேளை இயக்குநர் வைத்த இடத்தில் வராது, தட்டு தீர்ந்த இடத்தில் வரும். ஒகேனக்கலுக்கு நடந்த அநியாயமும் இங்கேதான்.

வி.சி.டி.யில் நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் தகவல்தான் ஓடும். அந்தச் சின்ன இடத்துக்குள் படத்தை அடைக்க ஒரு தந்திரம் செய்வார்கள். முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதினால் போதும் என்பதே அது. சுவர், முகம், வானம் என்றால் பிரச்னையில்லை. அருவி என்றால்? ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு நொடியும் மாறுகிறதே! எழுத இடம் போதாமல் தண்ணீர் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். கதாநாயகியின் முகம் தெளிவாக இருக்கும், பின்னால் விழும் காவிரி மட்டும் செங்கல் அடுக்கியதுபோலத் தெரியும். டி.வி.டி.யில் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம் என்பதால் தண்ணீர் மறுபடி தண்ணீரானது. அதிலும் ஒரே தட்டில் மூன்று படம் அடைத்துவைத்த 'த்ரீ இன் ஒன்' டி.வி.டி. என்றால் பழைய கதைதான்.

அகலப் படங்களுக்கு இன்னொரு வெட்டு. அன்றைய டி.வி.க்கள் ஏறக்குறையச் சதுரம். சினிமாஸ்கோப் படத்தை அதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் நிரப்பினால் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஓரத்தில் நின்று பேசுகிறவரின் மூக்கு மட்டும் தெரிந்த காட்சிகள் ஞாபகம் இருக்கிறதா?

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கியது. அதையொட்டி மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று ஒரிஜினல் தட்டுகளை இறக்கியது. அதற்கு முன் ஒரிஜினல் வாங்குவது ஆடம்பரம். பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் கிடைத்தது எல்லாம் திருட்டுத் தட்டு. 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. விலை இறங்கியதும்தான் சாதாரணக் குடும்பங்களின் ஷோகேஸில் ஒரிஜினல் அட்டை ஏறியது.

ஆனால் உள்ளே என்ன இருந்தது? 'போனஸ்' என்று போட்டிருக்கும். திறந்தால் அந்தப் படத்தின் பாடல் பட்டியல், வேறு நாலு படத்தின் டிரெய்லர், நிறுவனத்தின் விளம்பரம். படம் முழுக்க மூலையில் ஒரு லோகோ வேறு. சப்டைட்டில் இருந்தாலும் பாட்டு வந்ததும் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

வெளிநாட்டில் இது வேறு மாதிரி வளர்ந்தது. 1984-லேயே அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங் காங்' லேசர் டிஸ்க்கில், படம் ஓடும்போதே ஒருவர் விளக்கம் சொல்லும் தனி ஒலித்தடத்தைச் சேர்த்தது. அதே நிறுவனம் 2015-ல் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றையும் வெளியிட்டது. அதில் ஷர்மிளா தாகூர், சௌமித்ர சாட்டர்ஜி பேட்டிகளோடு, படங்கள் மீட்கப்பட்ட விதமும் இருக்கிறது. அந்த மீட்பே ஒரு த்ரில்லர். 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் நெகட்டிவ்கள் கருகின. யாரும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்தச் சுருள்களை இத்தாலியின் பொலோனியாவில் கையாலேயே சீர்செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே கிடைத்தது.

மணிரத்னத்துக்கு அப்படி ஒரு தட்டு வந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்! 'நாயகன்' படத்துக்காகச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டாதரணி போட்ட தாராவி செட் ஒன்று போதாதா? கமல்ஹாசன், பி.சி.ஸ்ரீராம், தோட்டாதரணி மூவருக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. மூவரையும் உட்காரவைத்து இரண்டரை மணி நேரம் பேசவைத்த தட்டு ஒன்று நம் கடைகளுக்கு வரவே இல்லை. மணிரத்னமும் அதிகம் பேசாதவர். 2012-ல் பரத்வாஜ் ரங்கன் அவரோடு படம் படமாக உட்கார்ந்து பேசிக் கொண்டுவந்த புத்தகம்தான் இன்றுவரை அவரது படங்களுக்கான உண்மையான 'போனஸ்'.

தட்டுகள் போனால் என்ன, ஓ.டி.டி. இருக்கிறதே என்று தோன்றலாம். அங்கே உரிமம் முடிந்தால் படம் ஒரே ராத்திரியில் காணாமல் போகும். அதைவிடப் பெரிய கவலை நெகட்டிவ். பாலுமகேந்திரா கடைசிக் காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். தேசிய விருது வாங்கிய 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவே இல்லை என்று அவர் வருந்தினார். அந்த மாதிரிப் படங்களுக்கு யாரோ வீட்டில் வைத்திருக்கும் பிரதியும் முக்கியம்தான். இந்த விஷயத்தில் மணிரத்னம் படங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 'நாயகன்' 2023 நவம்பரிலும் 'தளபதி' 2024 டிசம்பரிலும் மெருகேறிய பிரதிகளாகத் தியேட்டருக்குத் திரும்பின.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட், தட்டு ஏதாவது இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். கேசட்டைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல நிறுத்திவையுங்கள். ஜன்னல் வழியாக டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, டெக்கும் கெடும், டேப்பும் அறுந்துபோகும். தட்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் மோசமாகும். டி.வி.டி. பிளேயர் இல்லாதவர்கள் லேப்டாப்பில் யு.எஸ்.பி. வழியாகச் செருகும் டிரைவ் வாங்கலாம். டெக் வேலை செய்கிற கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் கல்யாண கேசட்டை முதலில் மாற்றிவிடுங்கள். தொண்ணூறுகளில் எடுத்தது என்றால், மணப்பெண் அலங்காரக் காட்சிக்குப் பின்னால் 'சின்ன சின்ன ஆசை' ஓட நிறையவே வாய்ப்பு இருக்கிறது.